திருவனந்தபுரத்திலிருந்து வாகைகுளத்துக்கு இருபத்தைந்து நிமிடம்

போன வாரம் மருமகளின் டிக்கெட்டில் தேதி மாற்றுவதற்காக நம் டிராவல்ஸ் கடைக்கு வந்திருந்தேன். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் அந்தப் படியேறினால் முழங்காலுக்கு முன்னால் மனசுதான் வலிக்கிறது. கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பெண் இருந்தாள். எனக்கு முன்னால் நின்ற ஆள், “கோழிக்கோட்டுல இருந்து வாகைகுளத்துக்கு ஃப்ளைட்டுல எம்புட்டு நேரம்மா?” என்று கேட்டார். அவள் போனில் தட்டிப் பார்த்து, “முந்நூத்தம்பது கிலோமீட்டர் சார், அம்பது நிமிஷம்” என்றாள். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. விசாரணை நோட்டில் பெயரையும் நம்பரையும் எழுதிவிட்டு, “ஒரு மணி நேரம்தான் மாப்ள” என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

கோழிக்கோட்டிலிருந்து நம் பக்கத்து வாகைகுளம் விமான நிலையத்துக்கு விமானமே கிடையாது. அவள் போனில் பார்த்த பக்கத்தில் எழுதியிருந்தவன் இரண்டு ஊருக்கும் நடுவில் கோடு போட்டு, அதன்மேல் ஒரு விமானத்தைக் கற்பனையில் ஓட்டி, அம்பது நிமிஷம் என்று போட்டிருக்கிறான். நானும் அந்த ஆளைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை நீயும் இதைப் படிப்பாய்; பத்துப் பேருக்கு முன்னால் உன்னைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அவர் நம்பர் நோட்டில் இருக்கிறது. முதலில் கூப்பிட்டு விமானம் இல்லை என்று சொல்லிவிடு அம்மா. சொல்லிவிட்டு மீதியைப் படி.

“புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க அண்ணாச்சி” என்று முதலாளி ஒரு வருஷமாகக் கேட்கிறார். முப்பத்தொரு வருஷம் டிக்கெட் போட்டவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும் என்று அவர் நினைக்கிறார். அப்படியெல்லாம் இல்லை. கம்ப்யூட்டர் வேலை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதையும் இத்தனை நாள் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

மேலப்பாளையத்தில் ஒரு லுங்கி வியாபாரி இருந்தார். நான் அவரை பாய் என்பேன். அவர் மகன் செய்யது பத்தொன்பது வருஷம் வளைகுடாவில் இருந்தார். முதல் டிக்கெட்டிலிருந்து எல்லாம் நான் போட்டதுதான். மகன் ஊருக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பாய் கடைக்கு வந்துவிடுவார். டீ வாங்கிக் கொடுத்தால் பாதி குடித்துவிட்டு வைப்பார்.

“எப்பம் வாரான் வே?” என்பார்.

“காலைல எட்டரைக்குத் தரையிறங்குது பாய்.”

“டிக்கெட்டுல என்ன போட்டிருக்குன்னு உம்மகிட்ட யாரு கேட்டா? அது எனக்கும் வாசிக்கத் தெரியும். என் வாசலுக்கு எப்பம் வருவான், அதைச் சொல்லும்.”

நான் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பேன். குடியேற்ற வரிசை, பெட்டி வருவது, சாலை, நடுவில் டீ, மகன் எங்கே அல்வா வாங்க நிற்பார் என்பது உட்பட. “பன்னெண்டே முக்கால்” என்று சொல்வேன். அந்த நேரத்துக்குக் கால் மணி முன்னால் அவர் வாசலில் வந்து நின்றுவிடுவாராம். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டாராம். அடுத்த வாரம் கடைப்பக்கம் வந்து, “பத்து நிமிஷம் பிந்திட்டீரு வே” என்று என்னைச் சீண்டிவிட்டுப் போவார். எனக்கு அதில் பெருமை தலைக்கேறியிருந்தது. விமானக் கம்பெனி சொல்லும் நேரம் தப்பும், என் நேரம் தப்பாது என்று கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஐப்பசி மாதம், சாயங்காலம், பாயின் மகள் மைமூன் போன் செய்தாள். செய்யதுக்குத் தங்கை, அவரைக் காக்கா என்பாள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

“வாப்பா மௌத்தாயிட்டாவ அண்ணாச்சி. காக்காவுக்கு டிக்கெட் போடணும். மொகம் பாக்கணும்னு அழுதாவ. நாளைக்கு லுஹர் வரைக்கும் வச்சிருக்கலாம்னு பள்ளிவாசல்ல சொல்லியிருக்காவ.”

உங்களில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்கள் வழக்கத்தில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அதிக நேரம் வைத்திருக்க மாட்டார்கள். தூரத்திலிருந்து மகன் வருகிறான் என்றால் காத்திருப்பார்கள், அதற்கும் ஓர் அளவு உண்டு. அடக்கத்துக்கு மணி சொல்வதில்லை, தொழுகையைத்தான் சொல்வார்கள். மதியம் லுஹர், பிற்பகல் அஸர், பொழுது சாயும்போது மஃக்ரிப், அதற்கு மேல் இஷா. அந்தத் தொழுகைக்குக் கூடுகிற கூட்டமே இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையும் முடித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போகும். இதை முப்பது வருஷமாகப் பார்த்தவன் நான். தெரியாது என்று என்னால் சொல்ல முடியாது.

அன்றைக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, நேராகத் திருவனந்தபுரம். காலை ஒன்பதுக்கு இறங்கி, அங்கிருந்து காரில் நாலு மணி நேரம். மேலப்பாளையம் சேர ஒன்றரை ஆகும், லுஹருக்குக் கொஞ்சம் பிந்தும். இன்னொன்று சென்னை வழி. பத்து மணிக்கு அங்கிருந்து சின்ன விமானம், பதினொன்றே முக்காலுக்கு வாகைகுளம், பன்னிரண்டரைக்கு வீடு. காகிதத்தில் ஒரு மணி நேரம் லாபம்.

திருவனந்தபுரத்திலிருந்து நம் ஆட்களைக் காரில் ஏற்றி வருகிற நாகர்கோவில்காரர் ஒருவர் உண்டு. அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் உடனே, “ஐப்பசி மழை அண்ணாச்சி. அந்தச் சின்ன விமானத்தை நம்பாதிய. திருவனந்தபுரமே போடுங்க. அரை மணி பிந்தினாலும் வந்து சேந்துருவாவ” என்றார். வாடகைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

செய்யது அங்கிருந்து பேசினார். “எது சீக்கிரம் அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார்.

“சென்னை வழி. பன்னெண்டரைக்கு வாசல்ல நிப்பீங்க” என்றேன்.

மறுநாள் காலையிலிருந்தே மூடிக்கொண்டு மழை. சென்னையில் பத்து மணிக்குக் கிளம்ப வேண்டியது பதினொன்று நாற்பதுக்குத்தான் கிளம்பியது. மைமூனிடம் சொன்னேன். அவர்கள் லுஹரை விட்டு அஸர் என்று மாற்றினார்கள். ஒன்று பத்துக்கு விமானம் வாகைகுளத்துக்கு மேலே வந்துவிட்டது. இறங்க முடியவில்லை. நான் கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையில் விமானம் நகர்வதைக் காட்டும் சின்னப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வட்டம், இன்னொரு வட்டம், அப்புறம் அது மேற்கே திரும்பியது. ஒன்று ஐம்பதுக்குச் செய்யது போன் செய்தார்.

“அண்ணாச்சி, திருவனந்தபுரத்துல கொண்டாந்து எறக்கிட்டான்.”

காலையில் ஒன்பது மணிக்கே நேராக வந்து இறங்கியிருக்க வேண்டிய ஊரில், சென்னையைச் சுற்றிக்கொண்டு பகல் இரண்டு மணி வாக்கில் இறங்கியிருக்கிறார்.

“எல்லாரையும் விமானத்துக்குள்ளயே இருக்கச் சொல்லுதான். மழை விட்டதும் திரும்ப வாகைகுளம் போவோம், இருபத்தஞ்சு நிமிஷம்தான்னு சொல்லுதான். எனக்குக் கையில ஒரு பைதான். கெஞ்சிக் கேட்டா எறக்கி விட்டுருவாவ. எறங்கவா, இருக்கவா?”

கடைச் சுவரில் பழைய வரைபடம் ஒன்று இருந்தது, நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், வெள்ளையடித்தபோது எடுத்துவிட்டார்கள். அதில் திருவனந்தபுரத்தையும் வாகைகுளத்தையும் பார்த்தேன். இரண்டு விரல் இடைவெளி. நேர்கோட்டில் நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம். நடுவில் மலை நிற்கிறது, விமானத்துக்கு மலை ஒரு பொருட்டா? காருக்கு அப்படியில்லை. தெற்கே நாகர்கோவில் வரை இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஒரு பக்கம் இருபத்தைந்து நிமிடம், இன்னொரு பக்கம் நாலு மணி நேரம். எவனாக இருந்தாலும் எதைச் சொல்வான்?

நாகர்கோவில்காரரைக் கூப்பிட்டேன். நல்ல வேளையாக ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு அந்த விமான நிலையத்து வாசலிலேயே நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“இப்பவே எறங்கச் சொல்லுங்க அண்ணாச்சி. ஆறு மணிக்கு நான் கொண்டாந்து விட்டுருதேன்.”

“பொறும் வே. மழை விட்டா இருபத்தஞ்சு நிமிஷத்துல போயிரும்.”

“விட்டாத்தானே அண்ணாச்சி. அதுக்கு எத்தனை நிமிஷம்னு யாரு சொல்லியிருக்கா?”

“சரி, நான் இங்கனதான் நிக்கேன்” என்று அவர் வைத்துவிட்டார். செய்யதை விமானத்திலேயே இருக்கச் சொன்னேன். மைமூனிடம், “பக்கத்துலதான் இருக்காரு, அஸருக்கு வந்திருவாரு” என்றேன்.

விமானம் கிளம்பவில்லை. இரண்டரை ஆயிற்று, மூன்று ஆயிற்று. மூன்றேகாலுக்கு மேல் நானே செய்யதைக் கூப்பிட்டு, “எறங்கிருங்க” என்றேன். அவர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கெஞ்சி, எழுதிக் கொடுத்து, வெளியே வந்து காரில் ஏறும்போது மூன்றே முக்கால்.

இதுவரை நடந்ததை நான் மன்னித்துவிடுவேன். மழையை யார் கண்டது? கணக்குப் போட்டேன், கணக்குத் தப்பிற்று. உங்களுக்கும் தப்பும். இதற்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

கார் கிளம்பியதும் நாகர்கோவில்காரர் பேசினார். “எட்டு மணி அண்ணாச்சி. சாயங்கால நேரம். களியக்காவிளையில நெருக்கடி, மார்த்தாண்டத்துல நெருக்கடி, போதாததுக்கு மழை. முன்னக்கூட்டி வந்தா சந்தோசம். நீங்க எட்டுன்னே சொல்லுங்க.”

அவர் வைத்த இரண்டாவது நிமிஷம் மைமூன்.

“அஸருக்கு முடியாதுல்லா அண்ணாச்சி? மஃக்ரிப்னு சொல்லவா, இஷான்னு சொல்லவா? பள்ளிவாசல்ல இருந்து ஆளு வந்து நிக்காவ. ஏற்கெனவே ஒருக்க மாத்தியாச்சு. இனி ஒரு தடவை சொன்னா அதான் முடிவு, அதுக்குமேல மாத்தக் கூடாதுன்னு சொல்லுதாவ. காக்கா போனு அணைஞ்சு கெடக்கு, நீங்க சொல்லுததை வச்சுத்தான் சொல்லணும்.”

எவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கிறாள் பாருங்கள். எனக்கு விடையும் தெரியும். எட்டு மணி. எட்டு என்றால் இஷா. ஒரு சொல் போதும்.

வாயைத் திறந்தால் அது வரவில்லை. எட்டு என்று சொன்னால், முதல் நாள் பன்னிரண்டரை என்று நான் சொன்னதற்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கிற ஏழரை மணி நேரமும் என் தலையில் விழும். சென்னை வழி போட்டது நான். விமானத்துக்குள் உட்கார வைத்தது நான். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என் தப்பும் கொஞ்சம் குறையும் என்று அந்த நேரத்தில் என் புத்தி வேலை செய்தது. அந்தப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

“ஆறேகாலுக்குள்ள வந்திருவாரும்மா. மஃக்ரிபுக்கே சொல்லிருங்க.”

“உறுதியா அண்ணாச்சி?”

“உறுதி.”

ஐந்தேகாலுக்குக் கார் மார்த்தாண்டத்தில் நின்றது. நாகர்கோவில்காரர் போன் செய்து சொன்னார். அப்போதாவது மைமூனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளைக் கூப்பிடாமல் அவரைக் கூப்பிட்டு, “கொஞ்சம் வெரசா ஓட்டும்” என்றேன்.

“ஓட்டுதேன். உசுரோட கொண்டாந்து சேக்கணும்லா அண்ணாச்சி. நீங்க எட்டுன்னுதானே சொல்லியிருக்கிய?”

“ம்” என்றேன்.

கடையில் இருக்க முடியவில்லை. மேலப்பாளையத்துக்குப் போனேன். மஃக்ரிப் தொழுகை முடிந்து சந்தாக்கைப் பள்ளிவாசலில் வைத்திருந்தார்கள், பாயைச் சுமந்து போகிற பெட்டி. எனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. மைமூனின் கணவர் வெளியே வந்து, “எங்கன வாராவ அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“வந்துட்டாவ. பக்கத்துலதான்” என்றேன். கார் அப்போது நாகர்கோவிலைக்கூடத் தாண்டவில்லை.

என் பேச்சை நம்பி அவர்கள் இன்னும் அரை மணி காத்திருந்தார்கள். மழை திரும்பவும் பிடித்தது. பெரியவர் ஒருவர் யாரையும் கடிந்துகொள்ளாமல், “இனி வச்சிருக்கது அவருக்குத்தான் கஷ்டம்” என்றார். தொழுதார்கள். தூக்கினார்கள். நான் கபர்ஸ்தான் வரைக்கும் பின்னாலேயே போய், வாசலில் குடையோடு நின்றேன். ஏழு மணிக்குச் சற்று மேல் மண் தள்ளி முடித்துவிட்டார்கள்.

ஏழு நாற்பதுக்குக் கார் வந்தது. நாகர்கோவில்காரர் சொன்னதற்கும் இருபது நிமிஷம் முந்தி. மழையில், அந்த நெருக்கடியில், எப்படி ஓட்டினாரோ. செய்யது வீட்டு முன்னால் பையோடு இறங்கினார். பத்தொன்பது வருஷப் பழக்கம், இறங்கியதும் முதலில் வாசலைத்தான் பார்த்தார். மைமூன் நின்றுகொண்டிருந்தாள். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது தெருவில் ஆட்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பள்ளிவாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இஷாவுக்கு. எட்டு மணிக்குத் தொழுகை. நான் எட்டு என்று சொல்லியிருந்தால் பாய் அப்போது வீட்டுக்குள்தான் இருந்திருப்பார். மகன் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முகம் பார்த்திருப்பார். இருபது நிமிஷம் நேரம் இருந்தது.

மழை செய்யவில்லை அதை. விமானமும் செய்யவில்லை. எல்லாக் கோளாறுக்கும் பிறகும் அந்த மனிதருக்கு நேரம் மிச்சமிருந்தது. வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்லி அதைக் கெடுத்தவன் நான்.

நாலு நாள் கழித்து மைமூன் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“கார்க்காரர் எட்டுன்னுதான் சொன்னாராம். காக்காவும் கூடவே இருந்து கேட்டிருக்காவ. நீங்க ஏன் ஆறேகால்னு சொன்னிய அண்ணாச்சி?”

நான் மேசைமேல் கிடந்த டிக்கெட்டுகளை அடுக்கினேன்.

“நான் கேட்டேன்லா. மஃக்ரிபா, இஷாவான்னு கேட்டேன்லா. எட்டுன்னா எட்டுன்னு வச்சிருப்போம். எங்களுக்கு அதுல ஒண்ணும் இல்லயே.”

கோபமாகப் பேசியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள். டீச்சரல்லவா, ஒரு கணக்கு எங்கே தப்பிற்று என்று கேட்பதுபோலவே கேட்டாள். தப்பிதம் ஆகிவிட்டது அம்மா என்று சொன்னேன். அது தப்பிதம் இல்லை, பொய். அதை அவளிடம் சொல்ல அன்றைக்கும் எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது உங்களிடம் எழுதுகிறேன், என்ன பிரயோசனம்.

அதன் பிறகு வேலை பார்த்த வருஷங்களில் நேரம் கேட்டவர்களுக்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். “இவரு என்ன எப்பவும் அபசகுனமாவே பேசுதாரு” என்று சிலர் எதிர்க் கடைக்குப் போனார்கள். முதலாளிக்கும் வருத்தம்தான். போகட்டும் என்று இருந்துவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

செய்யது திரும்பிப் போவதற்கான டிக்கெட்டையும் என்னிடம்தான் போட்டார். வேறு கடைக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. “திருவனந்தபுரத்துல இருந்தே போடுங்க அண்ணாச்சி” என்றார். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கெளம்பணும்?” என்று கேட்டார்.

நான் முழுசாகக் கூட்டிப் பார்த்தேன். மழை, மார்த்தாண்டம், களியக்காவிளை, வரிசை. அரை மணி கூடுதலாகவும் போட்டேன். “காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பிருங்க” என்றேன்.

“சரி அண்ணாச்சி” என்றார். அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, எனக்கு எதிரிலேயே, போனை எடுத்து நாகர்கோவில்காரரைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.